கண்ணுக்குத் தப்பும் பாலிப்

அனைவருக்கும் வணக்கம். செரிமான மண்டல நோய்களில் அண்மைக்கால முன்னேற்றங்கள் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். உணவுக்குழாயில் தொடங்கி ஆசனவாய் வரை எல்லாவற்றையும் தொட்டுப் பேசினால் மருந்துப் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: பெருங்குடலுக்குள் எட்டிப் பார்ப்பது. கருவி எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனால் அதைப் பிடித்திருப்பவரும், படுத்திருப்பவரும் ஒத்துழைக்காவிட்டால் அத்தனையும் வீண் என்பது என் கட்சி.

கொஞ்சம் பழைய கதை. 1868இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர், வாள் விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைக் கொண்டு 47 சென்டிமீட்டர் நீளக் குழாயை வயிறு வரை இறக்கிப் பார்த்தார். குழாய் இறங்கிவிட்டது, வெளிச்சம்தான் போதவில்லை. 1957இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளால் ஆன வளையும் கருவியை முதலில் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்தார். நோயாளிக்கு அப்புறம்தான். 1969இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா இருவரும் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் வளையும் குழாயான கொலோனோஸ்கோப் வழியாகவே கம்பிச் சுருக்கைச் செலுத்திப் பாலிப்பை, அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சதைமுளையை, அறுத்தெடுத்தார்கள். என்னைக் கேட்டால் திருப்புமுனை அதுதான். அதுவரை பார்த்துச் சொல்ல மட்டும் தெரிந்த கருவி, பார்த்த இடத்திலேயே வேலையை முடிக்கவும் கற்றுக்கொண்டது.

பெருங்குடல் புற்றுநோய் திடீரென்று முளைப்பதில்லை. பெரும்பாலும் அடினோமா என்ற சிறு பாலிப்பாகத் தொடங்கி, புற்றாக மாறப் பத்து ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும். அதற்குள் அதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்தது. அமெரிக்காவில் நடந்த தேசிய பாலிப் ஆய்வின் முடிவுகள் 1993இல் வந்தன. அடினோமா அகற்றப்பட்டவர்களுக்குப் புற்றுநோய் வருவது, எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஒரு நோயை வருமுன்னரே அறுத்தெறிய முடிவது மருத்துவத்தில் அரிது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? திரையில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாகக் குடல் தெரியும். கருவியை முதலில் பெருங்குடலின் கடைசி எல்லை வரை கொண்டுபோய்விடுவோம். உண்மையான தேடல் திரும்பி வரும்போதுதான். ஒவ்வொரு மடிப்பின் பின்புறமும் நுனியை வளைத்துப் பார்க்க வேண்டும், தண்ணீர் பீச்சிக் கழுவ வேண்டும், வாயு ஊதி விரிக்க வேண்டும். காளான்போலத் தண்டோடு நிற்கும் பாலிப்பை யாரும் தவறவிட மாட்டார்கள். தொல்லை தருவது தட்டையான வகை. அதிலும் ஒன்று, தன்மேல் மஞ்சளாகச் சளி பூசிக்கொண்டு கழிவோடு கழிவாகக் கிடக்கும். கழுவாமல் நகர்ந்தால் போச்சு.

அதனால் அவசரம் கூடாது. பாலிப் எதையும் அகற்ற வேண்டியிராத சோதனையிலும் திரும்பி வரும் வழியில் குறைந்தது 6 நிமிடம் செலவிட்ட மருத்துவர்கள், அவசரமாக வெளியே வந்தவர்களைவிட அதிக அடினோமாக்களைக் கண்டுபிடித்தார்கள் என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆறே நிமிடம்! இப்படிக் கண்டுபிடிக்கும் விகிதம் ஒரு சதவீதம் கூடினால், பின்னாளில் புற்றுநோய் தலைகாட்டும் வாய்ப்பு 3 சதவீதம் குறைகிறது என்று 2014இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு நுழைகிறது. திரையில் சந்தேகத்துக்குரிய இடத்தைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு கட்டம் போட்டுக் காட்டும். 2020இல் இத்தாலியில் நடந்த சோதனையில், கணினித் துணையோடு பார்த்தபோது 54.8 சதவீதம் பேரிடம் அடினோமா கிடைத்தது. துணையில்லாமல் பார்த்தபோது 40.4 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடுதலாகச் சிக்குபவை பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான பொடிப் பாலிப்கள். கேமரா திரும்பாத மடிப்பின் பின்னால் இருப்பதை எந்தக் கணினியும் காட்டாது. இன்னொரு சிக்கலும் உண்டு. 2025இல் போலந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, கணினித் துணைக்குப் பழகிய அனுபவசாலி மருத்துவர்கள் அது இல்லாமல் செய்த சோதனைகளைக் கணக்கெடுத்தது. அடினோமா கண்டுபிடிப்பு விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியிருந்தது. இதை வைத்தே கருவிமேல் பழிபோட முடியாது, வேறு காரணங்களும் இருக்கலாம். இருந்தாலும் எங்களுக்கு அது ஒரு குட்டுதான்.

படுத்திருப்பவரின் பங்கும் பெரிது. பேதி மருந்தை முதல் நாள் மாலை பாதி, சோதனை நாள் காலை பாதி என்று பிரித்துக் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். சுவை சகிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கொட்டிவிட்டால், பல லட்சம் பெறுமான கேமராவும் வெறும் கழிவைத்தான் படம் பிடிக்கும்.

இதே கேமரா இப்போது அறுவை சிகிச்சையைத் தவிர்க்கவும் உதவுகிறது. 2022இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் ஒரு முடிவை வெளியிட்டது. மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறனை இழந்த ஒரு வகை மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை ஆறு மாதம் கொடுத்தார்கள். கேமராக் குழாயான எண்டோஸ்கோப்பில் பார்த்தால், 12 பேரிடமும் கட்டி போன இடம் தெரியவில்லை. கத்தியும் வேண்டியிருக்கவில்லை, கதிர்வீச்சும் வேண்டியிருக்கவில்லை. மலக்குடல் புற்றில் இந்த வகை சிறுபான்மைதான். ஆனாலும் நிரந்தரமாக வயிற்றில் மலம் சேரும் பையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்குமோ என்று பயந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

எல்லாருக்கும் கொலோனோஸ்கோபி வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் ஃபிட் பரிசோதனையை வீட்டிலிருந்தே செய்து அனுப்பலாம். ஸ்பெயினில் பத்தாண்டுகள் தொடர்ந்த பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃபிட் செய்துகொள்ளும் ஏற்பாடு, இறப்பைக் குறைப்பதில் கொலோனோஸ்கோபிக்குச் சளைக்கவில்லை. அதற்கு முன்வந்தவர்களும் அதிகம். இளவயதிலேயே இந்த நோய் கூடிவருவதால் அமெரிக்கா 2021இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45 ஆகக் குறைத்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் இன்னும் முன்பே தொடங்க வேண்டும்.

ஆனால் கண்ணுக்கு இரத்தம் தெரிகிறவர்கள், "மூலமாகத்தான் இருக்கும்" என்று தாங்களே முடிவுகட்டாமல், ஃபிட்டும் செய்துகொண்டிருக்காமல், நேரே மருத்துவரிடம் போக வேண்டும். ஃபிட்டில் இரத்தம் இருப்பதாக வந்துவிட்டால், "இன்னொரு தடவை ஃபிட்டே செய்து பார்ப்போமே டாக்டர்" என்று சிலர் கெஞ்சுவார்கள். இரண்டாவது முறை இல்லையென்று வந்தாலும் முதல் முடிவு பொய்யாகிவிடாது, பாலிப் எல்லா நாளும் கசிவதில்லை. அப்போது கொலோனோஸ்கோபிக்கு நாள் குறிப்பதுதான் வழி.