தயிர் உறையாத நாள்

எல்லாருக்கும் வணக்கம். கிருமி, மருந்து பற்றிப் பேச்சு என்றதும் பாதிப் பேர் கண்ணை மூடத் தயாராகத்தான் வந்திருப்பீர்கள். அதனால் அடுப்படியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி மூடிவைக்கிறோம். காலையில் திறந்தால் தயிரைக் காணோம், பால் பாலாகவே இருக்கிறது. மார்கழிக் குளிராக இருக்கலாம், உறைமோர் பழசாக இருக்கலாம், பால் கெடாமல் இருக்க யாராவது சோடா கலந்திருக்கலாம். நாலாவது காரணம் ஒன்று உண்டு. மாட்டுக்கு மடிநோய் வந்து, காம்பு வழியாக ஆன்டிபயாடிக் ட்யூப் ஏற்றியிருப்பார்கள். அந்த மருந்து பாலில் இறங்கும். மாட்டின் மடியில் இருக்கிற கெட்ட பாக்டீரியாவைக் கொல்லப் போன மருந்து, நம் வீட்டுக் கிண்ணத்தில் தயிரை உறையவைக்கிற நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடுகிறது. பாலைக் காய்ச்சுவதால் இந்த மருந்துகள் பெரும்பாலும் முழுசாக அழிவதில்லை. ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம், உறை ஊற்றுகிற கிண்ணமே ஒரு சோதனைதான்.

சரி, இதைச் சொன்னதும் உங்கள் மனது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். 'ஐயோ, பாலில் மருந்தா, அது நம் உடம்புக்குள் போகுமே!' போகும்தான். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அது தொந்தரவும் தரலாம். ஆனால் நான் பேச வந்தது அந்த மிச்ச மருந்தைப் பற்றி அல்ல. முப்பது வருஷம் கால்நடை மருத்துவனாக இருந்துவிட்டேன். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே என்று என்னிடம் கேட்காத கல்யாண வீடு கிடையாது. போடுவதில்லை. பத்தாயிரம் கோழியைத் தினமும் பிடித்துப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும்? ஆறு வாரத்தில் அது இரண்டு கிலோ வருவது, பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனத்தாலும் தீவனத்தாலும். நீங்கள் எங்கேயாவது ஊசியைப் பார்த்திருந்தால் அது தடுப்பூசியாக இருக்கும். இல்லாத ஹார்மோனுக்குப் பயந்துகொண்டு, இருக்கிற ஆபத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். ஆபத்து தட்டில் இருப்பதைவிடக் கொட்டகையை விட்டு வெளியே நடந்து போகிற, மருந்துக்கு அடங்காத கிருமியில்தான் அதிகம் இருக்கிறது.

தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது தொடங்கிய கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1948இல் அமெரிக்காவில் லெடர்லே மருந்துக் கம்பெனியில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இரண்டு பேர் கோழிக் குஞ்சுகளுக்கு மலிவாக வைட்டமின் பி12 எதிலிருந்து கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அதே கம்பெனி ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தயாரித்தது. மருந்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சுகிற சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் பி12 கொடுத்ததைவிட வேகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த துளி மருந்துதான் காரணம். அது எப்படி எடையைக் கூட்டுகிறது என்பதில் இன்றைக்கும் விவாதம் தீரவில்லை. வியாபாரத்துக்கு விளக்கம் எதற்கு? 1951இலேயே அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் தீவனத்தில் கலக்க அனுமதி கிடைத்துவிட்டது.

துளி மருந்து என்று சொன்னேன் இல்லையா, அந்தத் துளிதான் பிரச்சினை. நோய் வந்த மாட்டுக்கு முழு அளவில் சில நாள் கொடுத்து நிறுத்தினால் கிருமி சாகிறது. நோயே இல்லாத ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால், சாகிறவை சாகும், தாக்குப்பிடித்தவை பெருகும். கிருமிக்கு நாமே பயிற்சி கொடுத்த மாதிரி. பாக்டீரியாவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. மருந்தை எதிர்க்கும் வித்தையைத் தன் வாரிசுக்கு மட்டும் கொடுக்காமல் பக்கத்தில் இருக்கிற வேறு ஜாதிப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையம், கைமாற்றுக் கடன் மாதிரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. அதில் ஒரு மருந்துக்கான எதிர்ப்பு மட்டும் இருக்கும் என்பதில்லை, நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு ஒரே மூட்டையாக இருக்கும்.

இதை ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் கண்ணால் காட்டினார். பாஸ்டன் பக்கத்தில் ஒரு குடும்பப் பண்ணை. டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனத்தைக் கோழிகளுக்குப் போட்டார். ஒரே வாரத்தில் கோழிகளின் குடல் பாக்டீரியா ஏறக்குறைய முழுக்க அந்த மருந்துக்கு அடங்காததாக மாறியது. கொடுத்தது ஒரு மருந்து. சில வாரம் போனதும் கொடுக்காத மருந்துகளுக்கும் அடங்கவில்லை. ஐந்தாறு மாதத்தில் அங்கே குடியிருந்த மனிதர்களின் மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், இருந்த பாக்டீரியாவில் 80 சதவீதத்துக்கு மேல் டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவை. அக்கம்பக்கத்தாரிடம் அது 6.8 சதவீதம்தான். இது அச்சானது 1976இல். மனிதர்களுக்கு வேண்டிய ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் போடுவதை அமெரிக்கா நிறுத்தியது எப்போது தெரியுமா? 2017 ஜனவரியில். நாற்பது வருஷம்! நம் ஊர் அலுவலகக் கோப்புதான் நகராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி கொலிஸ்டின். இந்தப் பேரை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மனிதர்களுக்குக் கொடுப்பதை 1970களில் மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்ட பழைய மருந்து. மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்கத் தோற்க, வேறு வழியில்லாமல் அதைத் திரும்ப எடுத்தார்கள். இன்றைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற கிருமி வந்து படுத்திருக்கிற நோயாளிக்கு, கடைசியில் கை வைக்கிற மருந்துகளில் அதுவும் ஒன்று. அதே மருந்தை இன்னொரு பக்கம் கோழிக்கும் பன்றிக்கும் மூட்டை மூட்டையாகத் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். மனிதர்கள் பயன்படுத்தாத மருந்துதானே என்ற தைரியம்.

2015 நவம்பரில் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஷாங்காய் பண்ணைப் பன்றி ஒன்றிலிருந்து எடுத்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு இருந்தது. அதுவும் பிளாஸ்மிட்டில், கைமாறக்கூடிய இடத்தில். இறைச்சிக்கான பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலையில் 21 சதவீதம், பச்சை இறைச்சி மாதிரிகளில் எடுத்ததில் 15 சதவீதம், மருத்துவமனை நோயாளிகளிடம் எடுத்ததில் சுமார் 1 சதவீதம் என்று கணக்கு. அந்தப் படிக்கட்டைப் பார்த்தாலே எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்று தெரியும். சீனா 2017இல் அதைத் தீவனத்தில் வளர்ச்சிக்காகப் போடுவதை நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிக்கும் மீனுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினை அடியோடு தடை செய்தது. தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம். சீனாவில் பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலையில் கொலிஸ்டினுக்கு அடங்காதவை 34 சதவீதத்திலிருந்து இரண்டே வருஷத்தில் 5 சதவீதத்துக்கு வந்தன. கொடுப்பதை நிறுத்தினால் கிருமி மறக்கவும் செய்கிறது.

முன்வரிசையில் ஒரு பெரியவர், 'நான் சைவம், எனக்கென்ன' என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அய்யா, பண்ணையிலிருந்து கோழி எரு லாரி லாரியாக மஞ்சள் காட்டுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் போகிறது. மழையில் வாய்க்காலுக்குப் போகிறது. வேலை செய்பவர் கையோடு வீட்டுக்குப் போகிறது. கோழிக்கறியில் இருக்கிற பாக்டீரியாவாவது நன்றாக வெந்தால் செத்துவிடும். கழுவாத கொத்தமல்லியில் இருப்பது சாகாது.

இப்படிச் சொன்னால் உடனே பண்ணைக்காரரைத் திட்ட ஆரம்பிப்போம். பல்லடம் பக்கம் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்பந்த முறை. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், கரண்ட், ராத்திரி விழிப்பு இவை விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தீவன மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

நானும் யோக்கியன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளைக் கழிச்சல் வந்த கோழிகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறேன். அது வைரஸ் நோய், அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது என்று தெரிந்தேதான். வெறுங்கையோடு அனுப்பினால் 'இவனெல்லாம் ஒரு டாக்டரா' என்பார்களே என்ற பயம். 'கூடவே வேறு கிருமி தொற்றிவிடக் கூடாது' என்று மனதுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டென்மார்க் 1995 வாக்கில் ஒரு காரியம் செய்தது. கால்நடை மருத்துவர்கள் தாங்கள் எழுதிக்கொடுக்கும் மருந்தைத் தாங்களே விற்று லாபம் பார்ப்பதற்குக் கடிவாளம் போட்டது. எழுதுகிறவன் கை தானாகக் குறைந்தது. நார்வேயில் 1987இல் வளர்ப்பு மீன்களுக்கு ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் செலவானது. மீனுக்கு நல்ல தடுப்பூசி கண்டுபிடித்தார்கள். இப்போது மீன் உற்பத்தி பத்து லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது, மருந்து ஒரு டன்கூட இல்லை. இரண்டிலும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை பாருங்கள். மருந்து இல்லாமல் பிழைக்க ஒரு வழியைச் செய்து கொடுத்தார்கள்.

நம்மிடமும் வழி இருக்கிறது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் செங்கல் நிறத்தில் விழுது வரும். தண்ணீர் விட்டுக் கரைத்து, கறந்து முடித்த மடியில் ஒரு நாளைக்குப் பல தடவை பூச வேண்டும். தமிழ்நாட்டின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி கிராமத்து வைத்தியத்திலிருந்து எடுத்து ஒழுங்குபடுத்தியது. தேசிய பால்வள வாரியமே இதைப் பரப்புகிறது. ஆரம்பத்திலேயே பூசினால் நன்றாகக் கேட்கிறது. மாடு காய்ச்சலில் படுத்துவிட்டால் மட்டும் பூசிக்கொண்டே இருக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்துக்காகத்தான் ஆன்டிபயாடிக் இருக்கிறது.

போன வருஷம் எங்கள் வீட்டில் தயிர் உறையவில்லை. பால்காரரைக் கேட்டேன். இரண்டே மாடு வைத்திருப்பவர். மறைக்காமல், "ஆமாங்கய்யா, முந்தாநாள் ட்யூப் ஏத்தினேன்" என்றார். மருந்துப் பெட்டியில் போட்டிருக்கிற காத்திருப்பு நாள் முடியும்வரை பாலை விற்கக் கூடாதே என்றேன். "நாலு நாள் பாலைக் கீழே ஊத்தினா தவிட்டுக்குக் காசு யார் குடுப்பா? கன்னுக்குட்டிக்காச்சும் ஊட்டலாமா?" என்று கேட்டார். அதுவும் கூடாது, கன்றின் குடலிலும் அதே பள்ளிக்கூடம்தான் நடக்கும் என்று சொல்லவேண்டி வந்தது. தெருவில் அவரிடம் பால் வாங்குவது நாலு வீடு. கூடிப் பேசினோம். மூன்று வீடு, வராத அந்த நாலு நாள் பாலுக்கும் காசு கொடுத்தது. நாலாவது வீட்டார் பால்காரரை மாற்றிவிட்டார்கள்.