மாமா கடையானாலும் மணி பார்க்கணும்

நேயர்களுக்கு வணக்கம். சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனியை ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. தீக்குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அந்தச் சின்ன விரல்கள்தான். அந்தப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில்தான், 1996 டிசம்பரில், சட்டத்தை மீறி வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் குறிப்பிட்ட சில தொழில்களில் மட்டும்தான் குழந்தைகளைத் தடுத்தது. 2016 திருத்தத்துக்கு அப்புறம், 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், ஆனால் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் கூடவே வந்தது. குடும்பம் என்றால் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் மட்டுமில்லை. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா, தாய்மாமன் வரைக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் உறவுக்கா பஞ்சம்?

ஒரு சாப்பாட்டுக் கடை. கல்லாவுக்குப் பின்னால் ‘இங்கு குழந்தைத் தொழிலாளர் இல்லை’ என்று போர்டு, அதற்கு நேர் கீழே எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன், பத்து பதினோரு வயது இருக்கும். யாரப்பா இது என்றேன். “தங்கச்சி மகன் சார், சும்மா ஒத்தாசைக்கு” என்றார் முதலாளி. பையனோ அவரை ‘முதலாளி’ என்றுதான் கூப்பிட்டான்! சரி, மருமகனாகவே இருக்கட்டும். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி. பள்ளிக்கூட நேரம். பள்ளி விட்ட பிறகோ விடுமுறையிலோதான் உதவலாம், அதுவும் ஆபத்தில்லாத வேலையில் மட்டும். இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடவே கூடாது என்கின்றன அந்தச் சட்டத்துக்கான 2017 விதிகள். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், உறவை விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள், மணி என்ன என்று பாருங்கள். விடிகாலை ஆறு மணிக்கு டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பிள்ளை, சொந்த மாமா கடையென்றாலும் தப்புதான்.

மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குச் சுரங்கமும் வெடிபொருளும் ஆகாது. சினிமா, சீரியலில் நடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான், சம்பளத்தில் இருபது சதவீதமாவது அதன் பெயரில் வங்கியில் போட வேண்டும். அதைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன், முடியவில்லை. புகார் சொல்ல 1098, கட்டணம் கிடையாது. வணக்கம்.