நாபோத்தின் தோட்டம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும், கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்காகக் கூடியிருக்கும் தருமபுரி மக்களுக்கும் வணக்கம்.

விவிலியம் நம்மிடம் அழுத்திச் சொல்வது எது? ஆள்வோருக்குப் பணிந்திரு என்பதா, ஆள்வோரைக் கேள்வி கேள் என்பதா? இதுதான் தலைப்பு. கேள்வி கேள் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், திருத்தூதர் பவுல் உரோமை நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதமான உரோமையர் 13-ஐ எடுத்து வாசித்தார். கடவுளிடமிருந்து வராத அதிகாரம் எதுவும் இல்லை, அதிகாரத்தை எதிர்ப்பவர் கடவுளின் ஏற்பாட்டையே எதிர்க்கிறார் என்று பவுல் எழுதியிருக்கிறார். உண்மைதான், அந்த வரியை நான் தாண்டிப் போகப் போவதில்லை. ஆனால் அண்ணன் இரண்டாம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். நான்காம் வசனத்தில் ஆள்பவருக்குப் பவுல் என்ன பெயர் வைக்கிறார்? உன் நன்மைக்காகக் கடவுளுக்குத் தொண்டு செய்பவர். அரசு வேலையில் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் நியமன ஆணையில் நாற்காலி மட்டுமா எழுதியிருந்தது? யார் நியமிக்கிறார், என்ன வேலை, யாருக்குக் கீழே என்பதெல்லாம் இருந்ததல்லவா? அந்த ஆணையைக் காட்டித்தான் ஒருவர் நாற்காலியில் உட்காருகிறார். அதே ஆணையைக் காட்டித்தான் நாமும் அவரிடம் ‘என் வேலை என்னாச்சு?’ என்று கேட்கிறோம். மேலிருந்து அருளப்படாவிட்டால் என்மேல் உமக்கு எந்த அதிகாரமும் இராது என்று இயேசு பிலாத்துவிடம் சொன்னார். கட்டப்பட்டு நிற்கிற கைதி, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கும் ஆளுநருக்கு நினைவுபடுத்திய செய்தி அது.

மற்ற நாடுகளைப் போல எங்களுக்கும் ஓர் அரசர் வேண்டும் என்று இஸ்ரயேல் மக்கள் இறைவாக்கினர் சாமுவேலிடம் வந்து நின்றபோது, அவர் எச்சரித்த பகுதி சாமுவேல் முதல் நூல் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் மகன்களைத் தேரோட்ட எடுத்துக்கொள்வார், மகள்களைச் சமையலுக்கு எடுத்துக்கொள்வார், நல்ல வயல்களை எடுத்துக்கொள்வார், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வாங்கிக்கொள்வார். திரும்பத் திரும்ப வருவது எடுத்துக்கொள்வார் என்கிற ஒரே வினைச்சொல். நாம் அதியமானின் தகடூரில் நிற்கிறோம். அவன் பெயரைச் சொன்னதும் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது அவன் எடுத்தது எதுவும் கிடையாது, ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி. அரசன் என்றால் கொடுக்கிறவனாக இருக்க வேண்டும் என்ற ஆசை நமக்கும் பழையதுதான்.

இனி என் வழக்கின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அரசர்கள் முதல் நூல், 21-ஆம் அதிகாரம். ஆகாபு அரசன். அரண்மனையை ஒட்டி நாபோத்து என்கிற குடியானவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அதில் காய்கறி போட அரசன் ஆசைப்பட்டான். அவன் அடிமாட்டு விலையும் பேசவில்லை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்றான். நம் கிருஷ்ணகிரிப் பக்கம் தாத்தா வைத்த மாந்தோப்பு உள்ள ஒருவரிடம் இப்படிக் கேட்டால் என்ன பதில் வரும்? அதே பதில்தான் நாபோத்திடமிருந்தும் வந்தது: மூதாதையர் சொத்து, தர மாட்டேன். நிலம் என்னுடையது, நீங்கள் அதில் குடியிருப்பவர்கள் என்று லேவியர் 25-இல் கடவுள் சொல்லியிருக்கிறார். அரசனுக்கும் மேலே ஒரு நிலச் சொந்தக்காரர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் ஒரு குடியானவன் அரசனிடம் ‘முடியாது’ என்றான்.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ஆகாபு சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அரசி ஈசபேல் அரச முத்திரை போட்டு ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினாள். முதலில் ஒரு நோன்பு அறிவிக்கச் சொன்னாள். பிறகு இரண்டு பொய்ச் சாட்சிகள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? நாபோத்து கடவுளையும் அரசரையும் பழித்தான். கடவுளையும் அரசரையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னார்கள், சேர்த்துச் சொல்லியே ஒரு நிரபராதியைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். நடுவர் அவர்களே, எங்கள் அணியின் பயம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அரசனை எதிர்ப்பது கடவுளை எதிர்ப்பது என்று சொல்லப் பழகிய ஊரில், அடுத்துச் சாகப் போவது நாபோத்து. பணிந்திரு என்று சொல்ல விவிலியத்துக்கு அது நல்ல வாய்ப்பு. கடவுளோ இறைவாக்கினர் எலியாவை அந்தத் தோட்டத்துக்கே அனுப்பினார். தோட்டத்தைக் கைப்பற்ற வந்த அரசனிடம், கொலையும் செய்துவிட்டு நிலத்தையும் பறித்துக்கொண்டாயா என்று கேட்கச் சொன்னார்.

இது எங்கோ நடந்த பழைய கதை என்று யாரும் சொல்ல முடியாது. அரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கு வாச்சாத்தி தெரியும். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார ஊருக்குள் போனார்கள். 18 பெண்களுக்கு நடந்ததை நான் இந்த மேடையில் விவரிக்க மாட்டேன். சீருடை இருந்தது, உத்தரவும் இருந்தது. அந்த மக்கள் பணிந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2011 செப்டம்பரில் இதே தருமபுரியின் நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமும் அரசு அதிகாரம்தானே என்று அக்கா கேட்பார். ஆமாம் அக்கா, அதைத்தான் பவுல் தொண்டர் என்கிறார். அந்தத் தொண்டு தானாக நடக்கவில்லை. 19 வருடம் கேட்டதால் நடந்தது.

பவுலே என்ன செய்தார் என்று பாருங்கள். பிலிப்பி நகரில் அவரையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் தடியால் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் ‘விடுதலை, போகலாம்’ என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் நகரவில்லை. உரோமைக் குடிமக்களான எங்களை எல்லார் முன்னிலையிலும் அடித்துவிட்டு இப்போது யாருக்கும் தெரியாமல் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களைக் கூட்டிப் போகட்டும் என்றார். அந்த நகரின் அதிகாரிகள் நேரில் வந்து கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். திருத்தூதர் பணிகள் 16-இல் இருக்கிறது. உரோமையர் 13-ஐ எழுதிய அதே ஆள்தான் இவர்.

கடைசியாக, அண்ணன் நம்பியிருக்கும் இன்னொரு வசனம். ‘என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல’ என்று பழைய மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, ஆட்சி அதிகாரமெல்லாம் நமக்கு எதற்கு என்றார். நம் கோவிலில் வாசிக்கிற மொழிபெயர்ப்பில் அது ‘எனது ஆட்சி இவ்வுலக ஆட்சி போன்றது அல்ல’ என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இந்த உலகத்திலிருந்து வந்தது அல்ல என்ற பொருள். அந்த ஆட்சி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறாரே ஒழிய, இந்த மண்ணில் அதற்கு இடமில்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் ‘உமது ஆட்சி வருக’ என்று தினமும் கேட்க நமக்கு ஏன் கற்றுக்கொடுத்தார்?

மணி அடித்துவிட்டது. அடுத்துப் பேச வரும் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி. அரசர் கேட்கிறாரே என்று நாபோத்து அன்றைக்கு அந்தத் தோட்டத்தை எழுதிக் கொடுத்திருந்தால், அதைக் கடவுளுக்குக் கீழ்ப்படிதல் என்று சொல்வீர்களா? பதிலை இந்தச் சபைக்குச் சொல்லுங்கள் அக்கா. நன்றி, வணக்கம்.