‘ஹேங் அவுட்’: பொருளும் பயன்பாடும்

[திரையில்: ‘ஹேங் அவுட்’]

வணக்கம். ‘ஹேங்’ என்றால் தொங்கு, ‘அவுட்’ என்றால் வெளியே என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இந்த ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினைச்சொல்லோடு ஒரு சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் தொடர், பிடிபடாது. குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லாமல், பிடித்தவர்களோடு ஆற அமரப் பொழுதைக் கழிப்பதையே பேச்சு ஆங்கிலம் ‘ஹேங் அவுட்’ என்கிறது. இதற்கு ‘ஊர் சுற்றுவது’ என்று பலர் பொருள் சொல்கிறார்கள். அது எனக்கு ஏற்புடையதாக இல்லை, ஏனெனில் வீட்டுக் கூடத்தை விட்டு நகராமல் நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தாலும் அது ‘ஹேங் அவுட்’தான்.

இது இன்றைய இளைஞர்கள் உருவாக்கிய தொடரும் அன்று. 1836, 1837ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்த சார்லஸ் டிக்கென்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில், ‘வேர் டூ யூ ஹேங் அவுட்?’ என்று திரு. பிக்விக்கிடம் கேட்கிறார்கள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதே அங்கு அதன் பொருள். அவரோ, லண்டனின் ‘ஜார்ஜ் அண்ட் வல்ச்சர்’ விடுதியில் தாம் தற்போது தொங்கிக்கொண்டிருப்பதாக நேர்ப்பொருளிலேயே விடை தருகிறார். தங்குவது என்னும் அந்தப் பொருள் இன்று பெரும்பாலும் வழக்கில் இல்லை.

[திரையில்: ‘ஐ ஹங் அவுட் வித் மை ஃபிரெண்ட்ஸ்’]

இந்த வாக்கியத்தில் ‘வித்’ இருப்பதைக் கவனியுங்கள். பொழுதைக் கழிக்கும் பொருளில் இத்தொடருக்குச் செயப்படுபொருள் வராது. வந்தால், ‘ஹேங் அவுட் த வாஷிங்’ என்பதைப் போலத் துணியைக் கொடியில் உலரப் போடும் பொருளுக்கு மாறிவிடும். ஆகவே ‘வித்’தை விட்டுவிட்டால், நண்பர்களையே கொடியில் போட்டதாக வாக்கியம் சொல்லும். இறந்தகால வடிவம் ‘ஹங்’ என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள், ஏனெனில் ‘ஹேங்டு’ என்பது தூக்கிலிடுவதற்கு உரிய வடிவம்.

ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் அது பெயர்ச்சொல். நண்பர்கள் வழக்கமாகக் கூடும் இடத்தைக் குறிக்கும். அப்போது அழுத்தம் ‘ஹேங்’ மீதும், வினையாக வரும்போது ‘அவுட்’ மீதும் விழும்.

அலுவலகக் கடிதங்களில் இதைத் தவிர்த்து ‘ஸ்பெண்ட் டைம்’ என்று எழுதுவது நல்லது. உரையாடலில் ஒருவர் ‘லெட்ஸ் ஹேங் அவுட் சம்டைம்’ என்றால், அதைக் காதல் அழைப்பாகவோ உறுதியான ஏற்பாடாகவோ உடனே கொள்ள வேண்டியதில்லை. உங்களோடு பழக விரும்புகிறார் என்பதே அதன் பொதுவான பொருள். உங்களுக்கும் விருப்பம் இருந்தால், ‘ஆர் யூ ஃப்ரீ ஆன் சாட்டர்டே?’ என்று நாளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.