இறங்கத் தெரியாமலே கிளம்புன அம்மா

எல்லாருக்கும் வணக்கம். உள்ள வரும்போதே நாலஞ்சு பேர் என் கையப் புடிச்சுக்கிட்டு ஒரே விஷயத்ததான் சொன்னீங்க. தையல் கடை போடணும்க்கா, விட்ட படிப்ப முடிக்கணும்க்கா, ஆனா இன்னும் கொஞ்சம் தைரியம் வரட்டும்னு. நான் புதுக்கோட்டைக்காரி, எனக்கு இதுக்கு சைக்கிள் கதைதான் சொல்லத் தெரியும்.

1991ல எங்க மாவட்டத்துல, பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்குடுக்குற அறிவொளி இயக்கம் நடந்துச்சு. அப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், பொம்பளைங்களுக்கு எழுத்தோட சேத்து சைக்கிளும் கத்துக்குடுங்கன்னாங்க, ஏன்னா யாரு கையையும் எதிர்பாக்காம பக்கத்து ஊருக்குப் போய் வந்தாலே பாதி பயம் போயிரும். பேங்க்ல கடன் குடுத்தாங்க, ஆனா லேடீஸ் சைக்கிள் பத்தல, அதனால என்ன, பார் வச்ச ஜென்ட்ஸ் சைக்கிள்லயே ஏறிட்டாங்க, வயல் வேலைக்குப் போறவங்க, குவாரில கல்லு ஒடைக்கிறவங்க எல்லாரும். ரோட்டுல போறவன் வாய்க்கு வந்தத பேசுனான், பேசட்டும்னு மிதிச்சாங்க.

எங்கம்மாவும் அதுல ஒருத்தங்க. நாத்து நட்டுட்டு வந்து, இருட்டுற நேரத்துல பள்ளிக்கூட மைதானத்துல, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டுப் பழகுவாங்க. முழங்கைல தோல் உரிஞ்சு சேலை ஒட்டிக்கும், தேங்காண்ணெய் வச்சுக்கிட்டு மறுநாளும் போயிருவாங்க. நிக்கிற சைக்கிள்ல ஏறி உக்காந்துக்கிட்டு பேலன்ஸ் வரட்டும்னா வராதுங்க, சாஞ்சுதான் போகும். சக்கரம் உருண்டா, சாயுற பக்கமா ஹேண்டில லேசா திருப்புனா நிமிந்துக்கும், அத வண்டி ஓடும்போதுதான் உடம்பு கத்துக்கும், வாயால சொல்லி யாருக்கும் புரிய வைக்க முடியாது.

பத்து நாள்ல அம்மாவுக்கு மிதிக்க வந்துருச்சு. இறங்க மட்டும் வரவே இல்ல, பார் குறுக்க நிக்குது, காலத் தூக்குனா வண்டி சாயுது. அதுக்குள்ள 1992 மகளிர் தினம் வந்துருச்சு, டவுன்ல ஊர்வலம். எங்க பாட்டி, இறங்கத் தெரியாம எங்கடி போறேன்னு கேட்டுச்சு. போய் நிக்கும்போது பாத்துக்கலாம் அத்தைன்னுட்டு அம்மா கிளம்பிட்டாங்க.

1500 பேருக்கு மேல, ஹேண்டில்ல கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டு ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி போனாங்க. முடியற எடத்துல அம்மா, யக்கா புடிங்கன்னு கத்துனாங்களாம், முன்னாடி போன ரெண்டு பேர் அவங்கவங்க வண்டியப் போட்டுட்டு ஓடி வந்து, ஒருத்தங்க ஹேண்டிலையும் இன்னொருத்தங்க கேரியரையும் புடிச்சு நிறுத்துனாங்களாம். அவங்க ரெண்டு பேரும் வேற ஊருக்காரங்க, அம்மாவுக்கு யாருன்னே தெரியாது.

இறங்கப் பழகுனது அதுக்கப்புறம்தான், ரேஷன் கடைக்கும் வயலுக்கும் போக வர. அந்த பார்ல துண்ட சுத்தி மொதல்ல உக்கார வச்சது என்னத்தான், அப்ப எனக்கு நாலு வயசு, மேட்டுல ஏறும்போது அம்மா மூச்சு வாங்குறது என் தலைக்கு மேலயே கேக்கும்.