ஓட வேண்டிய தூரம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பழைய டீசல் லோகோவை, அதாவது ரயில் பெட்டிகளை இழுக்கும் வண்டியை, காப்பாற்றுவது என்றால் பெயின்ட் அடித்து ஷெட்டில் நிறுத்துவது இல்லை. அது ஓடிய தடத்தில், அது இழுத்த அளவு பெட்டிகளோடு, அது போன தூரம் போக வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பேச்சு பரவிவிடாமல் இருக்க ஒரே ஒரு லோகோவை எடுத்துக்கொள்கிறேன்: பிரிட்டனின் டெல்டிக்.

1961, 62 ஆண்டுகளில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் 22 டெல்டிக்குகளைக் கட்டியது. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து எடின்பரோ வரை சுமார் 632 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் 55 நீராவி எஞ்சின்கள் பார்த்த வேலையை இந்த 22-ம் ஏற்றுக்கொண்டன. 1962 கோடையிலேயே எடின்பரோ பயணம் 6 மணி நேரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொன்றும் 3,300 குதிரைத்திறன், மணிக்கு 160 கிலோமீட்டர். எட்டுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயர், மீதிக்கு ராணுவப் படைப்பிரிவுகளின் பெயர்.

உள்ளே இருப்பது கடற்படைக்காகப் பிறந்த எஞ்சின். வேகப் படகுகளுக்காக நேப்பியர் நிறுவனம் செய்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். தலைகீழ் முக்கோணம் ஒன்றை மனதில் வரைந்துகொள்ளுங்கள். மூன்று முனைகளிலும் ஆளுக்கொரு கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. மூன்று பக்கங்களிலும் சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து, நடுவில் காற்றை நெருக்கும். வால்வே கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டன்களே திறந்து மூடும். புகைத் துளை சற்று முந்தித் திறக்க வேண்டும். மூன்று பக்கமும் இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு கிராங்க் ஷாஃப்டை மட்டும் எதிர்த்திசையில் சுற்ற விடுங்கள் என்று வழி சொன்னவர் கடற்படைத் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த ஹெர்பர்ட் பென்வார்டன். அவர் பெயர் பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். எஞ்சினுக்கு 18 சிலிண்டர், 36 பிஸ்டன். லோகோவுக்கு இரண்டு எஞ்சின், ஆக 72 பிஸ்டன்.

இந்த எஞ்சினுக்குச் சும்மா நிற்பது ஆகாது. மெதுவாக ஓடும்போது எரியாத எண்ணெய் புகைப்பாதையில் போய்த் தேங்கும். பிறகு திடீரென்று சுமை ஏற்றினால் அத்தனையும் எரிந்து, கூரை மேலே மேகம் மாதிரிப் புகை கிளம்பும். பிரிட்டனில் ஆர்வலர்கள் நடத்தும் சிறு தடங்கள் பலவற்றில் வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டர். அங்கே டெல்டிக்கை ஓட்டுவதில் மகிழ்ச்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் டிரைவர் பவர் கைப்பிடியைத் திறப்பதற்குள் மூடும் நேரம் வந்துவிடும்.

நெடுந்தூரச் சுற்றுலா ரயிலில் அப்படி இல்லை. பீட்டர்பரோ தாண்டி வடக்கே ஸ்டோக் மேடு நீண்டு கிடக்கிறது. முழு பவரில் ஏறும்போது இரண்டு எஞ்சின்களும் ஒரே சுருதியில் சேராமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒலிக்கும். முதல் பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அதிர்வு காதைவிட நெஞ்சில்தான் முதலில் தெரியும். அந்தப் பெட்டிக்கு ஏன் அவ்வளவு போட்டி என்று கேட்பவர்கள், ஒரு தடவை அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

1982 ஜனவரி 2-ஆம் தேதி கடைசி டெல்டிக் ரயில் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ போய்த் திரும்பியது. போகும்போது இழுத்த லோகோ டுல்யார், வரும்போது ராயல் ஸ்காட்ஸ் கிரே. 22-இல் ஆறு பிழைத்தன. ஒன்று யார்க் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனது, மற்றவற்றை ஆர்வலர்கள் வாங்கினார்கள். அதே ராயல் ஸ்காட்ஸ் கிரே 1996 நவம்பர் இறுதியில் மறுபடியும் முதன்மைத் தடத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

லோகோ ஓடும் நிலையில் இருந்தால் மட்டும் இது நடந்துவிடாது. இன்றைய தடத்துக்கு எச்சரிக்கைக் கருவி வேண்டும், சிவப்பு சிக்னலைத் தாண்டினால் பிரேக் போடும் அமைப்பு வேண்டும், ஓட்டத்தைப் பதிவு செய்யும் கருவி வேண்டும், ரேடியோ வேண்டும். 1961-இல் கட்டிய கேபினில் இவை எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடிக்க வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனம்தான் ரயிலை இயக்க முடியும். நடுவழியில் நின்றுவிட்டால் பின்னால் வரும் எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் மாட்டிக்கொள்ளும் என்பதால், யாரும் கண்ணை மூடிக்கொண்டு வழி விடுவதில்லை. அது சரியும்கூட.

அப்புறம், டிரைவர். தடமும் தெரிய வேண்டும், லோகோவும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரியாவிட்டால், தடம் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுவார். லோகோ தெரிந்த தலைமுறை ஓய்வுபெற்றுக்கொண்டே போகிறது. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் எவ்வளவு குறைக்க வேண்டும், எப்போது மறுபடி திறக்க வேண்டும் என்பதைக் கனமான ரயிலோடு ஓடும் கேபினில்தான் கற்றுக்கொடுக்க முடியும். ஷெட்டில் முடியாது.

காட்சிப் பொருள் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒன்று: 2011-இல் ராயல் ஸ்காட்ஸ் கிரே வாடகைக்குப் போய், நார்த் பிளைத்திலிருந்து லைன்மவுத் அலுமினிய ஆலைக்கு அலுமினா ஏற்றிய சரக்கு ரயில்களை இழுத்தது. கட்டி ஐம்பது வருடம் ஆன லோகோ, கூலிக்கு வேலை செய்தது.