தஞ்சாவூரா, விருதுநகரா? சாய்ஸ் ஃபில்லிங்கில் எதை முதலில் போடுவது

அடுத்த கேள்வி சிவகாசியில் இருந்து ஓர் அப்பா அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "மகள் நீட்டில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். போன வருட கட் ஆஃப்பைப் பார்த்தால் தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைக்கும் போலிருக்கிறது, விருதுநகரும் கிடைக்கும். மகளுக்குத் தஞ்சாவூர் ஆசை. பக்கத்திலேயே கல்லூரி இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் என்கிறாள் அவள் அம்மா. எதை முதலில் போடுவது டாக்டர்?"

மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள் அய்யா. கவுன்சலிங்கில் கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி பதிவு செய்வதுதான் சாய்ஸ் ஃபில்லிங். அதில் எது முதலில் என்றால், என் பதில் தஞ்சாவூர்தான். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

எதில் எல்லாம் வித்தியாசம் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் அரசுக் கல்லூரி, கல்விக் கட்டணம் ஒன்றுதான். இரண்டுமே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன, பாடத்திட்டமும் பரீட்சையும் பட்டமும் ஒன்றே. ஆசிரியர்களும் ஒரே அரசுப் பணியில் இருப்பவர்கள். இன்றைக்குத் தஞ்சாவூரில் பாடம் எடுப்பவர் பதவி உயர்விலோ மாறுதலிலோ நாளைக்கு விருதுநகருக்கு வரலாம். அதனால் "அங்கே புரொஃபசர்கள் பிரமாதம்" என்று யாராவது சொன்னால் அதை வைத்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள். முதல் வருடம் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. அது எங்கே படித்தாலும் உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான்.

வித்தியாசம் இரண்டாம் வருடம் வார்டுக்குள் போகும்போது தெரிய ஆரம்பிக்கும். மருத்துவக் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், மருத்துவமனையைப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். தஞ்சாவூர் 1950களின் கடைசியில் வந்த கல்லூரி. டெல்டா மாவட்டங்களின் சிக்கலான கேஸ்கள் வருடக்கணக்காக அங்கேதான் போய்ச் சேருகின்றன. வயல் வேலை செய்கிற பகுதி என்பதால் பாம்புக்கடி வரும், பூச்சிமருந்து விஷம் வரும். ஊருக்குள் கல்லூரியைச் சேர்ந்த இராசா மிராசுதார் மருத்துவமனை தனியாக இருக்கிறது. பிரசவமும் குழந்தைகள் பிரிவும் அங்கேதான். சுற்று வட்டாரத்தில் சிக்கலாகும் பிரசவங்கள் அங்கே அனுப்பப்படும். உங்கள் மகள் புத்தகத்தில் படித்த எக்லாம்ப்சியாவை, அதாவது ரத்த அழுத்தம் ஏறி கர்ப்பிணிக்கு வரும் வலிப்பை, அங்கே கட்டிலில் பார்ப்பாள். அப்படிப் பார்த்தது மறக்காது.

விருதுநகர், 2022 ஜனவரியில் ஒரே நேரத்தில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. அந்தப் பதினொன்றால் தமிழ்நாட்டுக்கு 1,450 இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன. மிகப் பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்து உயர்ந்தது. உங்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியும், பட்டாசு ஆலையில் விபத்து நடந்து தீக்காயம் கடுமையாக இருந்தால் ஆம்புலன்ஸ் எங்கே போகும்? மதுரை பெரியாஸ்பத்திரிக்கு. மதுரை ஐம்பது கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கும்வரை சீரியஸ் கேஸ்கள் அந்தப் பக்கம் போவது உடனே நிற்காது. மாணவர்களுக்கு அது ஓர் இழப்புதான்.

இன்னொன்று பி.ஜி. மாணவர்கள், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மேற்படிப்பு படிப்பவர்கள். பழைய கல்லூரிகள் அளவுக்குப் புதிய கல்லூரிகளில் பி.ஜி. இடங்கள் இல்லை. ராத்திரி டியூட்டியில் ஒரு ஈ.சி.ஜி.யை எப்படிப் பார்ப்பது, நோயாளியிடம் எதை முதலில் கேட்பது என்று பக்கத்தில் நின்று சொல்லித் தருவது பெரும்பாலும் பி.ஜி.தான். இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. பி.ஜி. குறைவாக இருக்கும் இடத்தில் ஹவுஸ் சர்ஜனுக்கு, அதாவது படிப்பின் கடைசியில் ஒரு வருடம் மருத்துவமனையில் பயிற்சி செய்பவருக்கு, கைவேலை நிறைய கிடைக்கும். தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் தானாக அவர்கள் கைக்கு வரும். பழைய பெரிய கல்லூரியில் வாய்ப்பைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். உங்கள் மகள் கேட்டு வாங்கும் சுபாவம் உள்ள பெண்ணா? தஞ்சாவூர் ஆசை என்று தானே வாய்திறந்து சொல்கிறாள் என்றால், கேட்பாள் என்றே நினைக்கிறேன்.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். விருதுநகரில் சேர்த்தால் தினமும் வீட்டில் இருந்து பஸ்ஸில் போய் வரலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து அது வேண்டாம். முதல் வருடம் எப்படியாவது சமாளிக்கலாம். கிளினிக்கல் போஸ்டிங் என்கிற வார்டுப் பயிற்சி, அப்புறம் ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் ராத்திரி டியூட்டி, இதெல்லாம் வரும்போது உடம்பு தாங்காது. ஹாஸ்டல்தான் என்றால், வாராவாரம் வருவதா, பண்டிகைக்கும் லீவுக்கும் வருவதா என்பதுதான் வித்தியாசம். தஞ்சாவூரில் இருந்து மதுரை வந்து மாட்டுத்தாவணியில் பஸ் மாறினால் அரை நாளில் சிவகாசி. ஒருமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் பெண்கள் விடுதியைக் காட்டுங்கள். தண்ணீர், சாப்பாடு, ராத்திரி டியூட்டி முடிந்து திரும்பும் வழி, இதையெல்லாம் அவரே அங்கிருக்கும் மாணவிகளிடம் கேட்கட்டும். பாதிப் பயம் போய்விடும்.

ஒரே ஒரு நிலையில் நான் விருதுநகர் என்று சொல்வேன். மகளுக்குத் தொடர்ந்து சிகிச்சை தேவைப்படும் உடல்நிலை இருந்தால், அல்லது வீட்டில் அவள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டிய சூழ்நிலை இருந்தால், யோசிக்காமல் அங்கே சேருங்கள். மனசு வீட்டிலேயே இருந்தால் எவ்வளவு பெரிய மருத்துவமனையாக இருந்தாலும் படிப்பு ஏறாது.

இந்த முடிவைச் சேர்ந்த பிறகு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை, ஒரு கல்லூரியில் இருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு இடமில்லை என்றது. "முதல் வருடம் முடித்துவிட்டு மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாக, லிஸ்ட்டில் இந்த இரண்டை மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள்? மதுரையையும் திருநெல்வேலியையும் மேலே போடுங்கள். போன வருட கட் ஆஃப்புக்கு எட்டாது என்று தோன்றினாலும் போடுங்கள், நஷ்டம் எதுவும் கிடையாது. மேலே கேட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், ஆசைப்பட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. அப்புறம் தஞ்சாவூர். அதற்குக் கீழே தூத்துக்குடி. அது 2000-ல் வந்த கல்லூரி, உங்களுக்குத் தஞ்சாவூரை விடப் பக்கம், அம்மாவுக்கும் ஓரளவு சம்மதமாக இருக்கும். தேனி, சிவகங்கையும் விருதுநகரை விட முந்தியவை. அதன் பிறகு விருதுநகர். அடுத்த சுற்றில் அப்கிரேடு, அதாவது கிடைத்ததை விட மேலே உள்ள கல்லூரி, கேட்கும்போது மட்டும் கவனம். மேலே உள்ள இடம் ஒதுக்கப்பட்டுவிட்டால் பழைய இடம் போய்விடும், இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. அதனால் நிஜமாகவே போக விரும்பாத கல்லூரியை மேலே வைக்காதீர்கள். லிஸ்ட்டை இறுதியாக லாக் செய்வதற்கு முன்னால் மகளையே ஒவ்வொரு வரிசை எண்ணையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.